சுடுநீரும் பென்சிலும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், கடலை நெருங்க நெருங்கச் சவுக்குத் தோப்புகள் கண்ணில் படும். அப்படி ஒரு தோப்புக்குள் ஆடு ஓட்டிப் போனவர் ஓர் உடலைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊருக்குள் வந்து சொல்லி, கிராம நிர்வாக அலுவலர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகி, இன்ஸ்பெக்டர் வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிடும். சித்திரை மாதம். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. கண்ணோரத்திலும் மூக்கிலும் வாயிலும் புழு நெளிகிறது.

ஆள் யார், எப்போது இறந்தார் என்பவைதான் போலீசுக்கு முதலில் தெரிய வேண்டியவை. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவதைத் தேடுவது சுலபம். காணாமல் போனவர்கள் பட்டியலில் எந்த வாரத்தைப் பார்ப்பது, எந்த நாளின் செல்போன் பதிவுகளைக் கேட்பது என்று தெரிந்துவிடும். ஆனால் நம் ஊர் வெயில் மருத்துவருக்கு ஒத்துழைக்காது. உடல் விறைப்பு கோடையில் ஒன்றரை நாளுக்குள் விட்டுப்போகும். காற்றே உடலளவு சூடாக இருக்கும்போது உடல் ஆறிய கணக்கும் உதவாது. அழுகலின் நிறத்தையும் வீக்கத்தையும் பார்த்து 'மூன்று முதல் ஐந்து நாள்' என்று எழுதுவதற்கு மேல் அவரால் அதிகம் செய்ய முடியாது. அதைவிட நெருக்கமான கணக்கு அந்தப் புழுக்களிடம் இருக்கிறது, யாராவது அவற்றைக் கெடுக்காமல் எடுத்து வந்தால்.

தடயப் பூச்சியியல் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் இந்த எடுத்து வரும் வேலையைத் தாண்டி நேராக நீதிமன்றத்துக்குப் போய்விடும். 1247இல் சீன நீதிபதி சோங் ட்சு எழுதிய நூலில் வருகிற, அரிவாளில் ஈ மொய்த்துக் கொலையாளி அகப்பட்ட கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். நிபுணர் கூண்டில் ஏறிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும், பல மாதங்களுக்கு முன் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் புழு எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. என் அக்கறை அந்தக் குப்பியில்தான்.

முதலில் ஈக்களை அறிந்துகொள்வோம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இறந்த உடலைத் தேடி வருவதில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று கிரைசோமியா மெகாசெஃபலா. நீலமும் பச்சையும் மின்னும் பருத்த உடல், செங்கல் நிறக் கண்கள். மரக்காணம் பக்கம் கடற்கரையில் மீன் காயப்போட்டிருக்கும் இடத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். கருவாட்டுக்கும் இதுதான் எதிரி. இன்னொன்று அதன் உறவு, கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ். இதன் புழு வழுவழுப்பாக இருக்காது. ஒவ்வொரு கண்டத்திலும் சதைப்பற்றான முட்கள் துருத்திக்கொண்டு நிற்கும். இவற்றோடு சதை ஈக்களும் வரும். சாம்பல் நிறம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம்.

எந்த ஈ என்று தெரியாமல் வயது சொல்ல முடியாது. கிரைசோமியா முட்டையிடும், கோடையில் அது பொரிக்க அரை நாளோ அதற்குச் சற்றுக் கூடவோ ஆகும். சதை ஈ முட்டையிடாமல் உயிருள்ள புழுக்களையே நேராகப் போடும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தொடக்கத்திலேயே அத்தனை மணி நேரம் பிசகிவிடும். மெகாசெஃபலா முட்டையிலிருந்து ஈயாக, சுமார் 27 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்பது பத்து நாள் ஆகும். வெயில் ஏறினால் நாள் குறையும். இந்தக் கணக்கு இனத்துக்கு இனம் வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புழுவின் வயது இறந்த நேரம் ஆகாது. ஈ உடலை எட்டி முட்டையிட்ட நேரத்தைத்தான் அது சொல்கிறது. பூட்டிய வீட்டுக்குள்ளோ இறுக்கிச் சுற்றிய தார்ப்பாய்க்குள்ளோ கிடந்தால் ஈ வரத் தாமதமாகும். இரவில் ஈ முட்டையிடாது என்று பழைய நூல்கள் சொல்லும். ஆனால் பாட்டியாலாவில் பஞ்சாபி பல்கலைக்கழகத்தின் தேவிந்தர் சிங்கும் மீனாட்சி பார்தியும் நடத்திய சோதனைகளில், குறைந்த அளவில் என்றாலும் இரவிலும் இந்த ஈக்கள் முட்டையிட்டதைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. 'உடல் குறைந்தது இத்தனை நாளாக அங்கே கிடந்திருக்க வேண்டும்' என்பதுதான் பூச்சியின் சாட்சி. அதைவிடக் கூடுதலாகச் சொல்கிற நிபுணரைக் குறுக்கு விசாரணையில் வக்கீல் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

இனி தோப்புக்குத் திரும்புவோம். உடலைத் தூக்குவதற்கு முன்பே புழு எடுக்க வேண்டும். தூக்கி வண்டியில் ஏற்றி, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிப் பிணவறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து வெப்பக் கணக்கு மாறிவிடும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் குவிந்து தின்னும் புழுக்கள் தாமே சூட்டை உண்டாக்கும். குவியலுக்குள் வெப்பமானியைச் செருகினால் சுற்றிலும் உள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். குளிர்பெட்டிக்குள் போன பிறகும் குவியலின் நடுவில் இருப்பவை உடனே அடங்கிவிடுவதில்லை. அதனால் தோப்பில் காற்றின் வெப்பம், மண்ணின் வெப்பம், குவியலின் வெப்பம் மூன்றையும் குறிக்க வேண்டும். உடல் குளிர்பெட்டிக்குள் போன நேரத்தையும் குறிக்க வேண்டும்.

எடுக்கும்போது கை தானாகப் பெரிய புழுக்களிடம் போகும். பெரியது மூத்தது என்ற நினைப்பு சரிதான், ஆனால் எல்லா அளவிலும் எடுக்க வேண்டும். முகத்தில் எடுத்தது தனிக் குப்பி, காயத்தில் எடுத்தது தனிக் குப்பி. முள்ளுடம்புப் புழுக்களைக் கட்டாயம் பிரித்து வைக்க வேண்டும். அவை பிற புழுக்களைப் பிடித்துத் தின்னும். ஒரே டப்பாவில் போட்டு விழுப்புரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முதலில் வந்த ஈயின் பிள்ளைகளை அவை தின்று தீர்த்திருக்கலாம். சாட்சியைச் சாட்சியே தின்றுவிடும் விநோதம் வேறு எந்தத் தடயத்திலும் கிடையாது.

தின்று முடித்த புழு உடலை விட்டு இறங்கிக் கூட்டுப்புழுவாக இடம் தேடிப் போகும். சில மீட்டர் தூரம்கூட ஊர்ந்து போகும். எல்லோரும் உடலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வழக்கின் மிக மூத்த பூச்சி சவுக்குச் சருகுக்கு அடியில், சில சென்டிமீட்டர் ஆழத்தில், பழுப்பு நிறக் கூட்டுக்குள் கிடக்கும். சருகை ஒதுக்கி மண்ணைச் சலிக்க வேண்டும். திறந்துகிடக்கும் வெற்றுக் கூடு ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறை ஈ பறந்துவிட்டது என்று பொருள், கணக்கு வாரத்தைத் தாண்டிவிட்டது. எறும்புகளையும் கவனிக்க வேண்டும். அவை முட்டைகளைத் தூக்கிச் சென்று கணக்கைத் தாமதமாக்கும். தோலைக் கடித்து, அடிபட்ட சிராய்ப்பு போன்ற தடங்களையும் விட்டுப்போகும்.

இப்போது எடுத்த புழுவைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி சாக வேண்டும், மறு பாதி வாழ வேண்டும்.

சாக வேண்டியதை எப்படிக் கொல்வது என்பதில்தான் அதிகம் கெடுகிறது. கையில் இருப்பது ஸ்பிரிட், போடுவது ஸ்பிரிட்டில். உயிரோடு ஆல்கஹாலில் விழுந்த புழு சுருங்கும், நாளடைவில் கறுத்துப்போகும். ஃபார்மலினில் போட்டால் விறைத்து இறுகிப்போகும், பிறகு டிஎன்ஏ எடுப்பதும் கடினம். வயதைப் புழுவின் நீளத்தை வைத்துப் படிக்கிறோம் என்பதால், சுருங்கிய புழு இளம் புழுவாகத் தெரியும். இறந்த நாள் உண்மையானதைவிடப் பிந்தியதாகத் தெரியும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸோயி ஆடம்ஸும் மார்ட்டின் ஹாலும் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து 2003இல் சொன்ன வழி மிக எளியது. 80 டிகிரிக்கு மேல் சூடான நீரில் அரை நிமிடம். பிறகு 80 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். சூடு பட்ட கணத்தில் புழு முழு நீளத்துக்கு நிமிர்ந்து, வெண்மை மாறாமல் நின்றுவிடும்.

திண்டிவனத்தில் அந்த நீருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கப்போவதில்லை. எந்த டீக்கடையிலும் பாய்லர் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு போனால் போதும்.

அடுத்தது சீட்டு. வெளியில் ஒட்டிய லேபிள் ஈரத்தில் கழன்றுவிடும். அதனால் குப்பிக்குள்ளேயே, எத்தனாலில் மூழ்கியபடி, ஒரு சிறு காகிதத் துண்டு இருக்க வேண்டும். அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் சில நாளில் மை கரைந்து காகிதம் வெறுமையாகிவிடும். பென்சில் எழுத்து கரையாது. குற்ற எண், இடம், உடலில் எந்தப் பகுதி, தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. மகஜரில் இருப்பதும் இந்தச் சீட்டில் இருப்பதும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் புழுவின் வயதைப் பற்றி நீதிமன்றத்தில் பேசவே வேண்டியிராது.

ஒழுங்காக வைத்தால் இந்தக் குப்பிகள் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. பம்பாயில் பிறந்த பார்சி மருத்துவர் ஒருவர் இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரில் பக் ரக்ஸ்டன் என்ற பெயரில் மருத்துவம் பார்த்து வந்தார். 1935இல் மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி, ஸ்காட்லாந்தில் மொஃபட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் வீசினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் அந்தத் துண்டுகளில் இருந்த புழுக்களைப் பார்த்து அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்று கணித்தார். பிற சாட்சியங்களோடு அது பொருந்தியது. 1936இல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புழுக்கள் லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

கொன்ற புழு ஆய்வகத்துக்கு வந்ததும் அதன் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். புழு தலையை இறைச்சிக்குள் புதைத்துத் தின்பதால் மூச்சுத் துளைகள் பின்னால் இருக்கின்றன. உருப்பெருக்கியில் இரண்டு பழுப்புத் தட்டுகள் தெரியும். தட்டு ஒவ்வொன்றிலும் கீறல்கள். இரண்டு கீறல் என்றால் புழு வளர்ச்சியின் இரண்டாம் பருவம், மூன்று என்றால் மூன்றாம் பருவம். சதை ஈயின் புழுவில் இந்தத் தட்டுகள் ஒரு குழிக்குள் அமுங்கியிருக்கும். தெளிவாகப் பார்க்க அந்தக் கடைசிக் கண்டத்தை மட்டும் பிளேடால் வெட்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். சதை கரைந்து கடினமான பகுதி மட்டும் நிற்கும். தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் படிப்படியாக ஈரம் போக்கி, கிராம்புத் தைலத்தில் இட்டால் கண்ணாடிபோல் தெளியும். பிறகு கனடா பால்சம் ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப். கொக்கி போன்ற வாயுறுப்பையும் இதே முறையில் ஸ்லைடு ஆக்கலாம்.

வாழ வேண்டிய மறு பாதிக்கு ஆட்டு ஈரல் ஒரு துண்டு, மரத்தூள் நிரப்பிய டப்பா, மேலே மல் துணி. ஜீப்பின் முன்பக்கக் கண்ணாடி ஓரம் வைத்து மறந்தால் வெந்துபோகும். நிழலில் கொண்டுபோக வேண்டும். ஈ வெளிவந்ததும் உடனே கொல்லக்கூடாது. புதிய ஈ வெளிறிப்போய், இறக்கை கசங்கி, நிறம் ஏறாமல் இருக்கும். ஒரு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வைத்தால் உடல் இறுகி நிறம் வரும். பிறகு ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, உடல் காய்ந்து நொறுங்கும் முன் ஊசி குத்த வேண்டும்.

தையல் ஊசியோ குண்டூசியோ இதற்கு ஆகாது. பூச்சிக்கென்றே சுமார் 38 மில்லிமீட்டர் நீளத்தில் துருப்பிடிக்காத மெல்லிய ஊசிகள் உண்டு. ஈயின் மார்பில் நட்டநடுவே குத்தாமல் சற்று வலப்பக்கமாகக் குத்துவது வழக்கம். ஈக்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் மார்பில் உள்ள மயிர்களை எண்ணித்தான். நடுவில் குத்தினால் இருபுறமும் கெடும், வலப்பக்கம் குத்தினால் இடப்பக்கம் முழுதாகத் தப்பும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மெகாசெஃபலாவின் மார்புப் பக்கத்தில் முன்மூச்சுத் துளை கரும்பழுப்பு, ரூஃபிஃபேசீஸில் அது வெளிர்நிறம், இது சுலபம். ஆனால் ரூஃபிஃபேசீஸுக்கு அல்பிசெப்ஸ் என்று இன்னோர் உறவு இருக்கிறது. புழுவும் முள்ளுடம்பு, ஈயும் பார்வைக்கு அதே. வழக்கமாக அந்த மூச்சுத் துளையருகே ஒரு முரட்டு மயிர் இருந்தால் ரூஃபிஃபேசீஸ், இல்லையென்றால் அல்பிசெப்ஸ். அவசரத்தில் விரலால் பிடித்து அந்த ஒற்றை மயிரை ஒடித்துவிட்டால் இனமே மாறிவிடும், அதோடு நாள்கணக்கும்.

சதை ஈ இதைவிடப் பொல்லாதது. பெண்ணை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை, உடல் காயும் முன் ஊசி முனையால் வெளியே இழுத்து நிறுத்தி வைத்தால்தான் பிறகு பார்க்க முடியும். இந்தியச் சதை ஈக்களுக்கு பி.சி. நந்தி எழுதி இந்திய விலங்கியல் அளவை நிறுவனம் வெளியிட்ட தொகுதி இருக்கிறது. கிரைசோமியா உள்ளிட்ட குடும்பத்துக்கு 1940இல் வெளியான சீனியர்-வைட், ஆபர்ட்டின், ஸ்மார்ட் மூவரின் தொகுதியைத்தான் இன்றும் புரட்டுகிறார்கள். ஊசியில் நிற்கும் ஈ நன்றாக இருந்தால்தான் அந்தப் பக்கங்கள் பயன்படும்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இவற்றிலெல்லாம் மிக நெருக்கமானது என்று நான் நினைப்பது விஷம். வேர்க்கடலையும் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர்களில் பூச்சி மருந்து வீட்டுக்கு வீடு இருக்கும். பிணப் பரிசோதனையில் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு, விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உடல் கரைந்துவிட்டால் அனுப்ப உறுப்பே இருக்காது. அப்போதும் புழு இருக்கும், தின்றதைத் தன் உடம்பில் வைத்திருக்கும். 1989இல் குணதிலக்கவும் லீ காஃபும் ஹொனலுலு வழக்கு ஒன்றை வெளியிட்டார்கள். வீட்டுத் தரைக்கு அடியில் இருந்த இடுக்கில் கிடந்த ஒருவரின் அழுகிய உடல், பக்கத்தில் மாலத்தியான் மருந்து. உடலில் இருந்த புழுக்கள் மெகாசெஃபலாவும் ரூஃபிஃபேசீஸும், அதாவது நம்முடைய அதே இரண்டு ஈக்கள். புழுக்களை அரைத்துச் சோதித்தபோது அவற்றிலும் மாலத்தியான் கிடைத்தது. இன்னொரு பாடமும் அதில் இருந்தது. அவரைக் கடைசியாகப் பார்த்து எட்டு நாள் ஆகியிருந்தது, புழுக்கள் காட்டியதோ ஐந்து நாள். மருந்து நெடியே ஈக்களைத் தள்ளி வைத்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். எனவே விஷச் சந்தேகம் இருந்தால் மூன்றாவதாக ஒரு பங்கு புழுவை எந்தத் திரவமும் சேர்க்காமல் உறையவைத்து அனுப்ப வேண்டும்.

வெப்பப் பதிவு இல்லாமல் இவை எதையும் நாளாக மாற்ற முடியாது. புழு 10 டிகிரிக்கு மேல்தான் வளரும் என்று வைத்துக்கொண்டால், சராசரி 32 டிகிரி உள்ள வைகாசியில் மணிக்கு 22 பங்கு வளரும், 25 டிகிரி உள்ள மார்கழியில் 15 பங்குதான். அதே அளவுப் புழுவுக்கு மார்கழியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நாள் ஆகும். புதுச்சேரி வானிலை நிலையத்தின் பதிவு கடல்காற்று பட்ட பதிவு. செஞ்சிப் பாறைக்கு அருகே கிடந்த உடலுக்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது. உடல் கிடந்த இடத்திலேயே வெப்பமானியைச் சில நாள் வைத்து, நிலையப் பதிவோடு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தடய அறிவியலில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இலேயே தொடங்கிவிட்டது. விழுப்புரத்தில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது; இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. அப்படிப் போகிறவர் கைப்பெட்டியில் பிளாஸ்க், எத்தனால், குப்பிகள், வெப்பமானி, பென்சில் எல்லாம் சேர்த்தாலும் ஒரு செல்போன் விலைகூட ஆகாது. அவற்றைச் சேர்க்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து டென்மார்க்குக்குக் கப்பலில் போன பூச்சிகளை வைத்து ஃபாப்ரிசியஸ் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவருடைய தொகுப்பு கோபன்ஹேகனில் இன்றும் இருக்கிறது. நம் ஈக்களை ஒப்பிட்டுப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ விலங்கியல் சொல்லித்தருகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை, வெயிலில் ஒன்று நிழலில் ஒன்றாக ஈரல் துண்டு வையுங்கள். வருகிற ஈயை வளர்த்து, ஊசி குத்தி, சீட்டு எழுதி, அந்துருண்டை போட்ட பெட்டியில் அடுக்குங்கள். ஓர் ஆண்டில் சித்திரைக்கும் ஐப்பசிக்குமான வித்தியாசம் உங்கள் மேசையில் இருக்கும். பெட்டி நிறைந்ததும் வட்டார ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள்.